கண்ணாடியில் விழுந்த ஆள்

"தங்கச்சி, இது கண்ணாடி இல்ல. யோகட் கப்."

கொழும்பிலிருந்து அஸ்ஹர் அனுப்பிய பதில் அவ்வளவுதான். பத்து நாளாகக் கழுத்து நோக உட்கார்ந்து செய்த வேலை. தனுஜா அந்தச் செய்தியை மூன்று தரம் படித்துவிட்டுத் தன் படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அது யோகட் கப்பாக மட்டுமே தெரிந்தது. அடியில் ஒரு கரண்டி யோகட் மிச்சம் இருப்பது போலக்கூட இருந்தது.

தனுஜாவுக்கு இருபத்தேழு வயது. பதுளையில் கணினி வரைகலை படித்துவிட்டு, பூனாகலைத் தோட்டத்தில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டே கொழும்பு ஸ்டூடியோ ஒன்றுக்கு வேலை செய்துவந்தாள். பொருள்களைக் கணினிக்குள் முப்பரிமாணத்தில் உருவாக்குவது அவள் தொழில். கதிரை, அலுமாரி, சவர்க்காரக் கட்டி என்று எதைக் கேட்டாலும் அச்சு அசலாகச் செய்து கொடுத்துவிடுவாள். அஸ்ஹர் அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு மேலே இருப்பவர். நல்ல மனிதர்தான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அவ்வளவே.

இந்த முறை ஊவாத் தேயிலை விற்கும் ஒரு கம்பனிக்கு விளம்பரம். ஒரு கண்ணாடிக் கிளாஸ் நிறையப் பால் சேர்க்காத பிளேன்டீ. அது மெதுவாகச் சுழல வேண்டும். காலை வெயில் அதற்குள் புகுந்து மேசையில் சிவப்பாக விழ வேண்டும். கடைசியில் கிளாஸே கரைந்து மலையாக மாற வேண்டும். மலை சுலபமாக வந்துவிட்டது. கிளாஸ்தான் வருவேனா என்றது.

அம்மா பாக்கியலெட்சுமிக்கு இந்த வேலையில் தொடக்கத்திலிருந்தே ஒரு சந்தேகம்.

"ஏன்டி, ஒரு கிளாஸ்ல தேத்தண்ணிய ஊத்தி போட்டோ புடிச்சா போதாதா?"

"அது சுத்தணும்மா. அப்புறம் மலையா மாறணும்."

"சுத்தணும்னா யாராச்சும் கையால சுத்தி விடட்டுமே. அதுக்குப் போயி ஒரு பொம்பளப் புள்ள பத்து நாளு ஒக்காரணுமா?"

யோகட் செய்தி வந்த அன்று, பாக்கியலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் மகளின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"திரும்ப அனுப்பிட்டாங்களா? இதோட எத்தன தடவ? எங்க கணக்கப்புள்ள கூட கொழுந்த இத்தன தடவ திருப்பிவிட மாட்டாரு."

"அஞ்சு தடவ."

"அஞ்சா! சரி, ஒன்னோட யோகட்ட ஓரமா நகத்து, சோத்துச் சட்டிய வைக்கணும்."

அப்பா நல்லையா தேயிலைத் தொழிற்சாலையில் காவல் வேலை. மகள் எதைக் காட்டினாலும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்து, "நல்லாத்தான் இருக்கு" என்பார். ஐந்து கிளாஸையும் அப்படியே சொன்னார். பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் தொழிலுக்கு உதவாது.

தனுஜா விடவில்லை. வீட்டிலிருந்த கிளாஸ்களையெல்லாம் ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றிப் பார்த்தாள். கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. அது அவளுக்கு மனப்பாடம். கிளாஸ் சுவரின் கனமும் சரிதான். ஆனாலும் அவள் கிளாஸ் கிளாஸாகவில்லை. ஓரங்கள்தான் பிழை என்று அவளுக்குப் பட்டது. வெட்டிய கண்ணாடியின் ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஏதாவது புரியும் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் பண்டாரவளைக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, அலுமாரிக் கதவு, சாமி படச் சட்டம், மீன் தொட்டி எல்லாம் செய்து கொடுக்கிற இடம். மேசையில் பெரிய கண்ணாடித் தகட்டை விரித்து, காதில் பென்சில் செருகியபடி அளவெடுத்துக்கொண்டிருந்தான் புவனேந்திரன். முப்பது வயதிருக்கும். கடை அவனுடையதுதான். சொந்த ஊர் ஹல்துமுல்லைப் பக்கம்.

"என்ன தங்கச்சி வேணும்?"

"அண்ணா, ஒடஞ்ச கண்ணாடி இருக்குங்களா?"

புவனேந்திரன் தலையைத் தூக்கினான்.

"பத்து வருசமா கட வச்சிருக்கேன். ஒடஞ்ச கண்ணாடி கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். ஒடஞ்சதே வேணுமா, இல்ல நல்லதக் குடுத்தா நீங்களே ஒடச்சுக்குவீங்களா?"

"ஓரம் பாக்கணும். வெட்டுன எடத்தோட ஓரம். கம்ப்யூட்டர்ல அதே மாதிரி செய்யணும்."

"கம்ப்யூட்டர்ல கண்ணாடி செய்யிறீங்களா?" கொஞ்ச நேரம் யோசித்தான். "அது கீழ விழுந்தா ஒடையுமா?"

"நாமளா ஒடைச்சாத்தான் ஒடையும். அது தனி வேல."

"அப்ப எங்க பொழப்பு போச்சு. ஜனங்க தெரியாம ஒடைக்கிறதாலதான் நான் சோறு திங்கிறேன்."

சிரிக்காமல் சொன்னான். ஆனாலும் மேசைக்கடியில் கிடந்த துண்டுகளில் நல்லதாக நான்கைந்து பொறுக்கி, அவள் கையில் கீறிவிடாமல் பழைய பத்திரிகையில் வைத்து நீட்டினான். நேரே பார்த்தால் நிறமே இல்லாத துண்டு. ஓரத்தைத் திருப்பினால் குளத்துத் தண்ணீர் மாதிரிப் பச்சை. வெட்டிய முனையில் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக உட்கார்ந்திருந்தது. தனுஜா தன் கிளாஸின் வாய் விளிம்பைக் கத்தி மாதிரிக் கூராக விட்டிருந்தாள். உலகத்தில் அப்படி ஒரு விளிம்பு கிடையாது. எவ்வளவு கூராக இருந்தாலும் நுனியில் ஓர் இம்மி வளைவு இருக்கும், அந்த வளைவில்தான் வெளிச்சம் வந்து தங்கும். மேசை நாற்காலி செய்யும்போது தவறாமல் செய்கிற காரியம் இது. கண்ணாடியில் மறந்துபோயிருந்தாள்.

"அந்தப் படத்தக் காட்டுங்களேன்," என்றான் புவனேந்திரன்.

அவள் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இந்த கிளாஸு எந்த ஊர்ல இருக்கு?"

"ஊரா?"

"சுத்திவர ஒன்னையுமே காணோமே. ஜன்னல் இல்ல, கதவு இல்ல, ஒரு ஆளு இல்ல. எங்க கடையில ஒரு கண்ணாடிய நிமித்தி வச்சா பஸ் ஸ்டாண்டே அதுலதான் ஓடும். இது மட்டும் எதப் பாத்துக்கிட்டு நிக்குது?"

தனுஜாவுக்குக் காது சூடாகிவிட்டது. வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம். கண்ணாடிக்கு என்று தனி உருவம் இல்லை. சுற்றியிருப்பதை வைத்துத்தான் அதைக் கண்ணுக்குத் தெரியவைக்க முடியும். கணினி சீக்கிரம் வேலையை முடிக்கட்டும் என்று அவள்தான் கிளாஸை ஒரு வெறும் சாம்பல் நிற அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். கணினி படிக்காத ஒருவன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"எனக்கும் தெரியும்," என்றாள், கொஞ்சம் வெடுக்கென்று. "வேகமா முடியட்டும்னு அப்படி வச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றான் அவன், மிகவும் மரியாதையாக.

அந்த மரியாதைதான் அவளைப் பஸ்ஸில் வீடு வரைக்கும் எரிச்சல்படுத்தியது.

சுற்றிவர உள்ள உலகத்தைப் படமெடுத்து, அதைக் கிளாஸைச் சுற்றி ஓர் உருண்டை மாதிரிப் பொருத்த வேண்டும். வீட்டிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் பூனாகலையில் அந்த வாரம் முழுக்க மூட்டம். ஜன்னலுக்கு வெளியே இருந்ததும் அவள் கணினியில் வைத்திருந்த அதே சாம்பல் வெறுமைதான். பண்டாரவளையில் வெயில் இருக்கும். ஒரு பக்கம் பளிச்சென்ற தெரு, மறுபக்கம் இருட்டான உள்கூடம் என்று அமைந்த இடம் வேண்டும். அந்த மாதிரி இடம் யாருடைய கடை என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

இரண்டாம் தரம் போனபோது, "வாங்க மிஸ்," என்றான் புவனேந்திரன். தங்கச்சி மிஸ்ஸாகிவிட்டதை தனுஜா கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. தானும் அண்ணாவை விட்டுவிட்டதைக் கவனிக்கவே இல்லை.

கடை வாசலில் போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருப்பிச் சுற்றிவர முப்பது படம் எடுத்தாள். "நான் குறுக்க வராம நகந்துக்கிறேன்," என்று சொன்ன புவனேந்திரன், போன் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தான். வலது பக்கம் போங்கள் என்றால் அவனுடைய வலது பக்கம் போனான். கடைசியில் ஒரு தூணோரம் ஒதுங்கி அசையாமல் நின்றான். அது சரியாக இருபத்தோராவது படம்.

வீட்டுக்கு வந்து முப்பதையும் ஒட்டிப் பார்த்தபோது, கறுப்புச் சட்டையும் காதில் பென்சிலுமாக அவன் படத்துக்குள் நின்றான். அழிக்க ஐந்து நிமிடம் போதும். தனுஜா அழிக்கும் கருவியைக் கையில் எடுத்தும் விட்டாள். அப்புறம்தான் யோசனை வந்தது. வெளிச்சமான பின்னணியில் கண்ணாடி தனியாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் பக்கவாட்டில் நெட்டுக்குத்தாக ஒரு கறுப்பு வேண்டும். புகைப்படக்காரர்கள் இதற்காகவே கறுப்பு அட்டை பிடிப்பார்கள். இங்கே தானாகவே ஒரு கறுப்பு, சரியான உயரத்தில், சரியான இடத்தில் வந்து நிற்கிறது. அதைப் போய் அழிப்பதா? தொழில் என்று வந்தால் இதையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டு, கருவியைத் திரும்ப வைத்தாள்.

மூன்றாம் தரம் போனதற்கு தனுஜா பொறுப்பில்லை. வீட்டு முருகன் படத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்து வருசம் இரண்டு ஆகிறது. இந்த வாரம்தான் அது அவள் கண்ணை உறுத்தியது. பாக்கியலெட்சுமியும் கூடவே கிளம்பிவிட்டாள்.

"வாங்கம்மா, உக்காருங்க," என்று அம்மாவை வரவேற்ற புவனேந்திரன், மகளைப் பார்த்து, "வாங்க," என்றதோடு நிறுத்திக்கொண்டான். படத்துக்குக் கண்ணாடி வெட்டி முடிக்கும்வரை கடைக்கு வந்த வேறு மூன்று பெண்களைத் தங்கச்சி என்றான். பாக்கியலெட்சுமி முருகனை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் கேட்டாள். "அந்தத் தம்பி எல்லாப் புள்ளைங்களையும் தங்கச்சிங்குது. ஒன்ன மட்டும் ஏன் ஒன்னும் கூப்பிடல?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீயும் அவர அண்ணாங்கல."

"அம்மா, சாமி படம் சாயுது, நேரா புடி."

"சாமி நேராத்தான் இருக்காரு," என்றாள் பாக்கியலெட்சுமி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அடுத்த ஒரு வாரம் தனுஜா கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். கிளாஸின் வாய் விளிம்பை உருட்டினாள். அடிப்பாகத்தைக் கனமாக்கினாள். புதுச் சூழலில் வைத்துப் பார்த்தபோது முதலில் தேத்தண்ணி தார் மாதிரிக் கறுத்துப்போயிற்று. கண்ணாடிக்குள் புகுந்த ஒளி எத்தனை தரம் பட்டுத் திரும்பலாம் என்பதற்கு, நேரத்தை மிச்சம் பிடிக்க அவள் நான்கு என்று வரம்பு வைத்திருந்தாள். வெளியே வர வழி தெரியாமல் ஒளி உள்ளேயே செத்துவிட்டது. இருபத்து நான்கு என்று மாற்றியதும் தேத்தண்ணி சிவந்தது. ஆனால் கிளாஸுக்குள் ஜெலி கட்டி ஒன்றை இறக்கி வைத்தது போல விலகி நின்றது. தேத்தண்ணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று விட்டிருந்ததுதான் காரணம். தேத்தண்ணியின் ஓரத்தைக் கண்ணாடிச் சுவருக்குள் ஒரு துளி நுழைய விட்டாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. கடைசியாக வெளிப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பதித்தாள்.

கணினி இரண்டு பகல் முழுக்க இரைந்துகொண்டு கணக்குப் போட்டது. அதன் பின்பக்கச் சூட்டில் பாக்கியலெட்சுமி நல்லையாவின் காலுறைகளைக் காயப்போட்டாள். இந்தத் தொழிலால் வீட்டுக்கு ஏதோ பிரயோசனம் உண்டு என்று அவள் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

முடிந்த படத்தை நல்லையா பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

பாக்கியலெட்சுமியும் எட்டிப் பார்த்தாள். "இது நம்ம வூட்டு கிளாஸு இல்லையே. யாரு வூட்டுது?"

தனுஜா நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. "என்னாடி? எரவல் வாங்கிட்டு வந்தா ஒழுங்கா திருப்பிக் குடுத்துரு," என்றாள்.

படம் கொழும்புக்குப் போன மறுநாள் மத்தியானம் அஸ்ஹர் கூப்பிட்டார். குரலில் களை இல்லை.

"தங்கச்சி, கம்பனிக்காரங்க கோவமா இரிக்கிறாங்க."

"இன்னமும் யோகட்டாங்க?"

"இல்ல. போட்டோ எண்டு சொல்றாங்க. எங்கேயோ எடுத்த போட்டோவை நாங்க சும்மா அனுப்பிட்டமாம். றுமைஸா மேடம் லைன்ல வாறாங்க. நீங்களே காட்டுங்க."

திரையில் றுமைஸா வந்தாள். அந்தக் கம்பனியின் விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பானவள். கண்டிப்பான முகம்.

"நான் கேட்டது கம்ப்யூட்டர்ல செஞ்ச கிளாஸ். இது வேற யாரும் எடுத்த போட்டோவா இருந்தா நாளைக்கு எங்களுக்குத்தான் பிரச்சினை."

ஐந்து தரம் நம்பும்படி இல்லை என்று திரும்பி வந்த கிளாஸ், ஆறாம் தரம் ரொம்ப நம்பும்படி இருக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தனுஜா தன் திரையைப் பகிர்ந்தாள். கிளாஸைச் சுழற்றிக் காட்டினாள். தோலை உரித்த மாதிரி, உள்ளே இருக்கும் வலைக் கோடுகளைக் காட்டினாள். அப்புறம் தேத்தண்ணியை மட்டும் தனியாகப் பிடித்து, கிளாஸை விட்டு மேலே தூக்கி அந்தரத்தில் நிறுத்தினாள்.

பின்னால் சோறு தின்றுகொண்டிருந்த பாக்கியலெட்சுமி பதறினாள். "அடியே, சிந்திரப் போகுது!"

றுமைஸாவின் கண்டிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. "சரி, சரி. நம்புறன். நல்லா செஞ்சிரிக்கிறீங்க." அதோடு அழைப்பை முடித்திருப்பாள். வைக்கும் முன் திரைக்குக் கிட்டே வந்தாள். "ஒரு நிமிஷம். கிளாஸ்ட இடது பக்கத்தைப் பெரிசாக்குங்க. அது யாரு?"

"எது மேடம்?" என்றார் அஸ்ஹர்.

"ஒரு மனிசன் நிக்கிறார். கிளாஸ் சுத்துது, அவர் மட்டும் அசையாம எங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறார்."

தனுஜா அவசரமாகச் சொன்னாள். "அது ஆளு இல்லீங்க மேடம். கறுப்புக் கோடு. ஓரம் தெரியிறதுக்காக வச்சது."

"கோட்டுக்குக் காதில பென்சில் இரிக்கு."

அஸ்ஹர் இருமினார். அந்த இருமல் சிரிப்புதான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இதற்குள் பாக்கியலெட்சுமி எச்சில் கையோடு எழுந்து வந்து, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"அட! நம்ம சாமி படத்துக்குக் கண்ணாடி போட்ட தம்பி!"

றுமைஸா சிரித்துவிட்டாள். அந்தக் கண்டிப்பான முகத்துக்குள் அவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"தங்கச்சி, அவரை மட்டும் வெளிய எடுத்துடுங்க. நாங்க தேயிலை மட்டும்தான் விக்கிறம்."

தனுஜா எடுத்துவிட்டாள். அவன் நின்ற இடத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினாள். கிளாஸ் அப்படியே இருந்தது. ஒரு மாற்றமும் இல்லை. ஓரம் முன்னைப்போலவே அழகாகத் தெரிந்தது. புவனேந்திரன் இல்லாமல் அந்தக் கண்ணாடி நிற்காது என்று அவள் தனக்குச் சொல்லிவந்த தொழில் நியாயம் அதோடு விழுந்துவிட்டது. அது அவளுக்குச் சங்கடமாக இருந்தது. கம்பனி மறுநாளே ஏற்றுக்கொண்டு நன்றி எழுதியபோதுகூட அந்தச் சங்கடம் முழுதாகப் போகவில்லை. அவன் நிற்கும் பழைய படத்தை அழிக்காமல், 'வெளிமடை கரட்' என்று காய்கறி விளம்பரம் போலப் பெயர் போட்ட ஒரு கோப்புறைக்குள் வைத்தாள். அப்படிப் பெயர் போட்டால் அம்மா திறந்து பார்க்க மாட்டாள்.

அம்மா அந்த இரண்டு நாளும் ஒன்றுமே கேட்கவில்லை. கேலியும் செய்யவில்லை. தனுஜா அதைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை அவள் பண்டாரவளைக்குப் போனாள். வாங்கிய கண்ணாடித் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். உடைந்த கண்ணாடியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

புவனேந்திரன் துண்டுகளைப் பொறுப்பாக எண்ணி வாங்கி வைத்தான். அவள் போனில் இரண்டு படத்தையும் காட்டினாள்.

"இது கம்பனிக்குப் போனது. இது போகாதது."

போகாததை அவன் கண்ணருகே கொண்டுபோனான். வளைந்த கண்ணாடியில் தூணோரம் நிற்கிற தன்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டுபிடித்தபின் போனைத் திருப்பித் தரவில்லை.

"நான் இம்புட்டு ஒல்லியாவா இருக்கேன்?"

"கிளாஸோட வளைவு. யாரு நின்னாலும் அப்படித்தான் காட்டும்."

"சொல்லியிருந்தா நல்ல சட்டையா போட்டுட்டு வந்து நின்னிருப்பேனே."

"கறுப்புதான் வேணும். கறுப்பா இருந்ததாலதான் விட்டு வச்சேன்."

"அதுக்காகத்தானா?"

தனுஜா மேசையிலிருந்த அளவுகோலை நேராக வைத்தாள். "பெரும்பாலும் அதுக்காகத்தான்."

"இப்ப அந்த எடத்துல யாரு நிக்கிறா?"

"ஒரு கறுப்பு அட்டை."

"நல்லா நிக்குதா?"

"உங்கள மாதிரியேதான். என்ன, வலது பக்கம் போன்னா என்னோட வலது பக்கம் போகுது."

அவன் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். மூக்குத் தண்டில் ஒரு பழைய தழும்பு சுருங்கியது. துடைத்து வைத்த தன் கடைக் கண்ணாடிக் கதவிலேயே முட்டிக்கொண்டு வாங்கியதாம் அது, கேட்டதும் சொல்லிவிட்டான். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "சரி, மிச்சத்த ஞாயித்துக்கிழம பெரிய கம்ப்யூட்டர்ல காட்டுங்க," என்றான்.

"ஞாயித்துக்கிழமையா? எங்க?"

"உங்க வூட்டுலதான். ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சிருச்சு, வந்து போட்டுத் தாங்கன்னு உங்க அம்மா நேத்து வந்து சொல்லிட்டுப் போனாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தனுஜா போனைப் பைக்குள் வைத்தாள்.

"வேற என்ன சொன்னாங்க?"

"சொல்லல, கேட்டாங்க. சொந்த ஊரு எது, அம்மா அப்பா என்ன செய்யிறாங்க, கூடப் பொறந்தவங்க எத்தன பேரு, என்ன நட்சத்திரம். ஒரு ஜன்னலுக்கு எதுக்கும்மா இம்புட்டு விவரம்னு கேட்டேன். ரசீதுல எழுதத்தான்னாங்க." அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டான். "ரசீது நான்தானே எழுதணும்? ஆனா கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்."

பஸ் பூனாகலைக்கு ஏறும்வரை தனுஜா தன்பாட்டுக்குச் சிரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பார்த்தாள். முன்னறை, படுக்கையறை, அவள் வேலை செய்யும் மூலை, சமையல்கட்டு. எல்லாக் கண்ணாடிகளும் முழுசாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

"எந்த ஜன்னல்மா ஒடஞ்சிருக்கு?"

பாக்கியலெட்சுமி கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னும் ஒடையல. ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாளு இருக்குல்ல."

"சமையக்கட்டு ஜன்னல விட்ருங்க," என்றார் நல்லையா, உள்ளேயிருந்து. "குளுரு தாங்காது."

தனுஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாரானவள் மாதிரி நின்றாள். பிறகு முன்னறை ஜன்னலருகே போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள்.

"முன்னறைது சரியா இருக்கும்மா," என்றாள். "வேல செய்யிறவருக்கு வெளிச்சம் வேணும்ல."